எந்த மோட்டார் என்று கேள்

அன்பு மகளுக்கு,

தாராவியிலிருந்து அப்பா எழுதுகிறேன். போனில் பேசும்போது உனக்குப் பின்னால் மிக்ஸி சத்தம், வாசலில் கூட்டம். நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறியிருக்காது. ராத்திரி கடையடைத்த பிறகு இதை நிதானமாகப் படி.

"மோட்டார் போயிடுச்சு, புது மெஷின் போட்டுடுங்க" என்று உன் கடை ஐஸ் மெஷினைப் பார்த்த மெக்கானிக் சொன்னதாகச் சொன்னாய். எந்த மோட்டார் என்று அவரைக் கேட்டாயா? உன் கியூப் மெஷினுக்குள் மூன்று இருக்கிறது. சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் வழியாகக் காற்றை இழுக்கும் ஃபேன் மோட்டார் ஒன்று. ஐஸ் பிடிக்கும் தட்டின் மேல் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப் மோட்டார் இன்னொன்று. மூன்றாவது, கூலிங் கேஸை அழுத்தும், வெல்டு வைத்து மூடிய கம்ப்ரஸருக்குள் இருப்பது. முதல் இரண்டும் சின்னச் செலவு. மூன்றாவதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

நீ சொன்ன சத்தத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு ஃபேன் மேல்தான் சந்தேகம். கொஞ்ச நேரம் உறுமும், 'டக்'கென்று நிற்கும், ஆறினதும் மறுபடி உறுமும் என்றாய் அல்லவா? ஃபேன் நின்றால் கண்டென்சரின் சூடு வெளியே போகாது. கேஸ் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கொதிக்கும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோடு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். தப்பு ஃபேனுடையது, பழி கம்ப்ரஸருக்கு. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல். இறுகி நின்றால் பேரிங் போயிருக்கிறது. லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உறுமுவதோடு சரி என்றால், கெபாசிட்டர் உள்ள மோட்டாராக இருந்தால் முதலில் அதை மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய கெபாசிட்டரை நீ தொடாதே. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும்.

அப்பா இத்தனை வருஷம் ரிப்பேர் பார்த்தவர், காயில் கட்டு, அதாவது உள்ளே புதுக் கம்பி சுற்று என்றுதான் சொல்வார் என்று நினைத்திருப்பாய். இந்தச் சின்ன ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுவது வீண். கட்டுக்கூலிக்குப் புதுசே வந்துவிடும். உங்கள் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், வாட்ஸ், ஆர்.பி.எம்., ஷாஃப்ட் கனம், சுற்றும் திசை எல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். திசை மாறினால் காற்றும் திரும்பிவிடும், மோட்டார் ஓடியும் கண்டென்சர் சரியாக ஆறாது. அதனால் பழைய மோட்டாரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போகச் சொல்.

இங்கே மீன் கடைகளில் இருக்கும் ஃப்ளேக் மெஷின் கதை வேறு. அதில் ஐஸைச் சுரண்டும் திருகைச் சுற்ற கியர் மோட்டார் இருக்கும். அதற்குப் பேரிங் மாற்றி, தேவைப்பட்டால் காயிலும் கட்டித் தரச் சொல்வேன், ஏனென்றால் முழு செட் வாங்கினால் விலை கடிக்கும்.

சரி, கம்ப்ரஸர்தான் என்று அவர் சாதித்தால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல். மூன்று முனை இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் நடுவே மீட்டர் காட்டும் ஓம், அதாவது மின்தடை, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். காமன்-ரன் 3, காமன்-ஸ்டார்ட் 7 என்றால் இது 10. எந்த முனையிலிருந்தும் பாடிக்கு ரீடிங் வரக்கூடாது. வந்தால் காயில் பாடியில் தட்டுகிறது, அந்தக் கம்ப்ரஸர் முடிந்தது. ஆனால் ஸ்டார்ட்-ரன் நடுவே ரீடிங் வந்து, காமனிலிருந்து மட்டும் எதுவுமே வரவில்லை என்றால் அவசரப்படாதே. உள்ளே இருக்கும் ஓவர்லோடு சூட்டில் திறந்திருக்கலாம். அது ஆறச் சில மணி நேரம்கூட ஆகும். இப்படிச் சூட்டோடு அளந்து, நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி அணைத்து வைத்துவிட்டுக் காலையில் அளக்கச் சொல்.

உண்மையிலேயே எரிந்திருந்தால், கம்ப்ரஸரை வெட்டி உள்ளே காயில் கட்டித் தருபவர்கள் பெங்களூரிலும் இருப்பார்கள். விலை குறைவுதான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே ஈரமோ தூசியோ கொஞ்சம் நின்றாலும் சீக்கிரம் திரும்ப எரியும். புதுக் கம்ப்ரஸரே போடு. அதோடு எரிந்த எண்ணெயின் ஆசிட் குழாய்களில் தங்காதபடி கழுவி, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, நைட்ரஜனில் கசிவு பார்த்து, குழாயில் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து வேக்கம் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். வேக்கம் பம்ப் கொண்டுவராத ஆளை வாசலோடு அனுப்பிவிடு. மெஷினின் நேம் பிளேட்டில் கேஸ் ஆர்-290 என்று இருந்தால் அது புரொப்பேன், தீப்பிடிக்கும். கேஸ் உள்ளே இருக்கையில் வெல்டிங் பக்கமே வரக்கூடாது.

புது மெஷின் எப்போது என்றால், ஐஸ் தட்டைப் பார். மேலே இருக்கும் நிக்கல் பூச்சு உரிந்து செம்பு தெரிந்தால் ஐஸ் ஒட்டிக்கொண்டு விழாது, சுத்தமும் கெடும். அந்த மெஷினுக்குக் கம்ப்ரஸர் போடுவது பணத்தைக் கரைப்பது. தட்டு நன்றாக இருந்தால் ரிப்பேரே போதும். வெள்ளையாகப் படிந்திருப்பது உன் அல்சூர் போர்த் தண்ணீர் உப்பு. அது உப்பைக் கரைக்கும் டீஸ்கேலரில் போய்விடும், அதைப் பார்த்துப் பயப்படாதே. இங்கே ஏரித் தண்ணீர் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

அட்வான்ஸ் கொடுக்காதே. நேம் பிளேட், ஐஸ் தட்டு, கண்டென்சர் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. மெக்கானிக் வரும்போது எனக்கு வீடியோ கால் போடு, ரீடிங்கை நானும் பார்க்கிறேன். அதுவரைக்கும் ஐஸ் வெளியே வாங்கிக்கொள். குடிக்கிற தண்ணீரில் செய்த கியூப் என்று கேட்டு வாங்கு, மீனுக்குப் போடும் பாளம் வேண்டாம்.

அம்மா மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா