பதிவு வகுப்புகளுக்கு நேரக்குறிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.காம். படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் வகுப்புகளைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுகிறது. பேராசிரியர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அடக்கவிலைக் கணக்கியலில் அசாதாரண நட்டம் பற்றிய வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். "இந்த மூணாவது வரியைப் பாருங்க, இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?" என்று சார் கேட்கிறார். திரையில் அவர் முகம் மட்டும்தான் தெரிகிறது. ஸ்லைடுகள் வேறொரு பக்கத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கின்றன. எந்த ஸ்லைடு எந்த நிமிடத்தில் வருகிறது என்று எங்கும் எழுதவில்லை. கணினி உள்ளவர்கள் இரண்டையும் அருகருகே திறந்துகொள்வார்கள். செல்போனில் படிக்கிறவர்கள் வீடியோவை நிறுத்தி, ஸ்லைடைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கணக்கு மறந்துபோகிறது. தேர்வு நேரத்தில் ஒரே ஒரு கணக்கை மறுபடி பார்க்க முழு வகுப்பையும் தள்ளித் தள்ளித் தேடுகிறோம்.

ஸ்லோவேனியாவின் வீடியோலெக்சர்ஸ் தளம் பல ஆண்டுகளுக்கு முன்பே வீடியோவையும் ஸ்லைடையும் ஒன்றாக ஓடவிட்டது. ஸ்லைடின் தலைப்பைத் தொட்டால் பேச்சும் அந்த இடத்துக்கே போகும். ஓப்பன்காஸ்ட் என்ற இலவச மென்பொருள், ஸ்லைடு மாறும் இடங்களைத் தானே கண்டுபிடித்து வகுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

அவ்வளவு தூரம் இப்போதே போக முடியாது என்றால், சரி, யூடியூபே போதும். வீடியோவுக்குக் கீழே 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிப்புகளைத் தலைப்போடு வரிசையாக எழுதினால் வீடியோ பகுதி பகுதியாகப் பிரிந்துவிடும். 2020 முதலே இந்த வசதி இருக்கிறது. '18:40 அசாதாரண நட்டம், ஸ்லைடு 14' என்று ஸ்லைடு எண்ணையும் சேர்த்துவிட்டால் எங்கள் பாதிச் சிரமம் தீரும்.

அப்புறம், ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இது', 'இங்கே' என்று சொல்லும்போது ஸ்லைடு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் காதில் மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கும், பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கும் அது பெரிய உதவி.

ஏற்கெனவே ஏற்றிய வகுப்புகளுக்கான நேரக்குறிப்புகளை மாணவர்களே எழுதித் தரலாம். பல்கலைக்கழகம் சரிபார்த்துச் சேர்த்தால் போதும். அடக்கவிலைப் பாடத்துக்கு எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
தொலைதூரக் கல்வி மாணவி,
திருப்பூர்.