நகராட்சியில் பேர் வாங்கினால் போதுமா?

ஆசிரியருக்கு,

மக்களிடம் 'செல்வாக்கு' பெற்ற மேயரை நாட்டுக்கே தலைவராக்கலாம் என்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். ராஜாஜி சேலத்திலும் படேல் அகமதாபாத்திலும் நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்களே. ஆனால், 1996இல் சென்னை மேயரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றோ கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'செல்வாக்கு' எவ்வளவு என்று எதை வைத்து அளப்பது?

எங்கள் நீலகிரி மலையையே பாருங்கள். குப்பை, தெருவிளக்கு, குடிதண்ணீர், மார்க்கெட் கடை வாடகை. ஊட்டி, குன்னூர் நகராட்சிகளின் கை பெரும்பாலும் இதற்குமேல் நீளாது. அதற்கும் கமிஷனர் மேஜையை ஃபைல் தாண்ட வேண்டும். பச்சைத் தேயிலை விலை என்றால் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள தேயிலை வாரியத்திடம் போக வேண்டும். காடு 1976 முதல், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் 2024இல் உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. கூடலூர் ஜென்ம நிலமோ (ஜமீன் போன்ற பழைய பரம்பரை உரிமை நிலம்) அந்த உரிமையை ஒழிக்க வந்த 1969 சட்டத்தோடு இன்னும் மல்லுக்கட்டுகிறது.

நீலகிரி எம்.பி. தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் மலைக்குக் கீழே. அங்கே அத்திக்கடவு-அவிநாசி திட்டத் தண்ணீர் பேச்சு, இங்கே தேயிலைப் பேச்சு. சாக்கடையை ஒழுங்காக அள்ளியவர் என்று ஒரு மேயருக்கு எம்.பி. சீட்டுக் கொடுக்கும் முன், இந்த இரண்டைப் பற்றியும் அவரிடம் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி