வாய்தா வாங்குவது ஏன் இத்தனை மலிவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிவில் வழக்குகள் இழுபடுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நீதிபதிகள் போதவில்லை என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அது உண்மைதான். ஆனால் கோர்ட் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், வழக்கு படுத்துக்கிடக்கும் இடங்கள் வேறு.

முதல் இடம் சம்மன். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டி அமீனா (சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) போனால் 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்புகிறது. பிறகு கதவில் ஒட்ட ஒரு மனு, அதற்கும் பிறகு நாளிதழில் விளம்பரம் செய்ய ஒரு மனு. பிராதில் (வழக்கு மனுவில்) தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் சரியாக இருந்தாலே இதில் பாதி குறையும். சம்மன் சார்வானதும் (உரியவருக்குச் சேர்ந்ததும்) 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் எதிருரை (பிரதிவாதியின் எழுத்துப்பூர்வ பதில்) வர வேண்டும் என்கிறது சட்டம். சாதாரண சிவில் வழக்குக்கு அந்தக் கெடு கட்டாயமில்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்ற விதிக்கும் அதே கதி.

யாரும் பேசாத இடம், வாரிசு சேர்ப்பு. ஒரு தரப்பு இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும்; அப்படி அற்றுப்போனதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க ஒன்று, ரத்துக்கு ஒன்று, வாரிசுகளைச் சேர்க்க ஒன்று என மூன்று மனு. மூன்றிலும் ஒவ்வொரு வாரிசுக்கும் நோட்டீஸ். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருந்தால் நோட்டீஸ் சார்வாவதற்குள்ளேயே காலம் ஓடிவிடும். தன் கட்சிக்காரர் இறந்ததைக் கோர்ட்டுக்குத் தெரிவிப்பது வக்கீலின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

தீர்ப்பு வந்த பிறகாவது முடிகிறதா? தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட்டதும் தம்பியோ வாடகைதாரரோ வந்து, சொத்து என் கைவசம் இருக்கிறது என்று தடை மனு கொடுப்பார். அதையும் ஒரு தனி வழக்கைப் போலவே விசாரிக்க வேண்டும். நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்கச் சொல்லி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

இழுத்தடிப்பதற்கு என்ன விலை என்று பாருங்கள். 20 லட்சம் ரூபாய் பாக்கிக்கு வழக்குப் போடுபவர் 3 சதவீதக் கோர்ட் கட்டணமாக 60,000 ரூபாயை முதல் நாளே கட்டுகிறார். (2017-க்கு முன் 7.5 சதவீதம், குறைத்தது நல்ல காரியம்.) பொய்யென்று தெரிந்தே எதிர்வாதம் செய்தவருக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவில் விதிக்கக்கூடிய ஈட்டுத்தொகை அதிகபட்சம் 3,000 ரூபாய். 1976-இல் வைத்த வரம்பு அது. அந்தப் பணத்தில் இன்று ஒரு நல்ல வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

வணிகத் தகராறுகளுக்கு மட்டும் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இந்த உச்சவரம்பை நீக்கிவிட்டது. எதிருரைக்கு 120 நாள் என்பதும் அங்கே கண்டிப்பான கெடு. வரப்புக்கும் பாகப்பிரிவினைக்கும் கோர்ட் படியேறும் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் பழைய சட்டம்? சிவில் நடைமுறை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநில அரசே திருத்தம் கொண்டுவரலாம். 3,000 ரூபாய் வரம்பை நீக்கும் ஒற்றைத் திருத்தத்தில் தொடங்கட்டும்.

அதுவரை வழக்காடுவோர் கவனத்துக்கு ஒன்று. சமரசமாக முடித்துக்கொண்டால் தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் இது உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. இது தெரியாமலே பணத்தை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கை வாபஸ் பெறும் மெமோவில் சமரசம் என்பதையும் கட்டணத்தைத் திருப்பித் தரும்படியும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

– வக்கீல் குமாஸ்தா ஒருவர், கும்பகோணம்