எம்எச்17: சாலையோரம் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நெதர்லாந்து மக்களுக்கும், கிழக்கு உக்ரைனின் கிராபோவே வட்டாரத்து ஊர்மக்களுக்கும்,

வணக்கம். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம், போர் நடந்துகொண்டிருந்த நிலத்துக்கு மேலே 33,000 அடி உயரத்தில் பறந்தபோது தரையிலிருந்து ஏவப்படும் பக் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்ட 298 பேரில் 15 பேர் விமானப் பணியாளர்கள், அனைவரும் மலேசியர்கள். அவர்களில் சிலரோடு வேறு பயணங்களில் ஒரே உணவு வண்டியின் இரு முனைகளைப் பிடித்து நடந்தவள் நான். இம்மடலை எழுத இத்தனை ஆண்டுகள் தாமதித்ததற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும்.

கிராபோவே மக்களே, உங்கள் வீட்டுக் கூரைக்கே உத்தரவாதம் இல்லாத அந்த நாட்களில், சுரங்கத் தொழிலாளர்களோடு வரிசையாக வயல்களில் இறங்கித் தேடினீர்கள். விமானம் சிதறிக் கிடந்த இடத்தில் பூக்களையும் குழந்தைகளுக்கான பொம்மைகளையும் வைத்தீர்கள். யாரோ பெற்ற பிள்ளைகள் என்று நீங்கள் ஒதுங்கிவிடவில்லை.

நெதர்லாந்து மக்களே, ஜூலை 23 அன்று உங்கள் ஐண்ட்ஹோவன் விமான நிலையத்தில் முதல் 40 சவப்பெட்டிகள் வந்திறங்கியதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தேவாலய மணிகள் ஒலித்து ஓய்ந்தபின் உங்கள் நாடே ஒரு நிமிடம் மௌனம் காத்தது. 40 கருப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடல்களை அடையாளம் காணும் பணி நடக்கவிருந்த ஹில்வர்சம் நோக்கிச் சென்றபோது, நீங்கள் நெடுஞ்சாலையில் கார்களை நிறுத்தி இறங்கி நின்றீர்கள். மேம்பாலங்களிலிருந்து பூக்களைத் தூவினீர்கள். எந்தப் பெட்டியில் யார் இருக்கிறார் என்பது அன்று எவருக்கும் தெரியாது, ஒருவர்கூட அடையாளம் காணப்பட்டிருக்கவில்லை. அதனால் அந்தப் பூக்களில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். சொந்தபந்தம் யாரும் அருகில் இல்லாத ஊரில் அவர்களுக்குக் கிடைத்த முதல் இறுதி மரியாதை உங்களுடையது.

ஹில்வர்சத்தில் மாதக்கணக்கில் உழைத்து 298 பேரில் 296 பேரை அடையாளம் கண்ட பல நாட்டு நிபுணர்களுக்கும் தலைவணங்குகிறேன். ஆகஸ்டு 22 அன்று மலேசியர்களில் 20 பேர் தாய்மண் திரும்பியபோது கருப்பு உடையில் நின்ற எங்களால், ஒவ்வொருவரையும் அவரவர் பெயரிலேயே வரவேற்க முடிந்தது. அது உங்கள் உழைப்பு. அடையாளம் காணப்படாமல் எஞ்சிய இருவரும் நெதர்லாந்து நாட்டவர் என்பதை நான் மறக்கவில்லை.

விசாரணை அதிகாரிகளுக்கும் நன்றி. 2020 மார்ச்சில் நெதர்லாந்தில் வழக்கு தொடங்கியபோது அரசு வழக்கறிஞர் 298 பெயர்களையும் வாசித்தார். மலாய்ப் பெயர்கள் அவர் நாவில் சற்றே வேறாக ஒலித்தபோதும், ஒன்றையும் அவசரமாகக் கடந்துவிடவில்லை. 2022 நவம்பர் 17 அன்று மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்கள் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. அந்த ஆறாத வேதனையை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

நெதர்லாந்து மக்களே, உங்கள் நாட்டின் ஃபைஃப்ஹவுசன் நினைவிடத்தில், மாண்டவர்களுக்காக 298 மரங்களை நட்டு வளர்த்துவருகிறீர்கள். ஓய்வுபெற்ற பின் அங்கு வந்தேன். என்னோடு பணிசெய்த ஒருத்தியின் மரத்தடியில், மல்லிகைச் சரத்துக்கு வழியில்லாததால், கைப்பையிலிருந்த பழைய பணிப்பெயர் வில்லையை எடுத்துச் சிறிது நேரம் வைத்திருந்து, மீண்டும் எடுத்துக்கொண்டேன். வேரைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. காலையில் தண்ணீர் ஊற்றியவர் யாரோ, அவருக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பணிப்பெண்,
சிப்பாங், சிலாங்கூர்