கூட்டணி செய்தி போடறப்போ ஷரத்தையும் சேத்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா உங்க பேப்பர்ல உலகச் செய்தி பக்கத்தை திறந்தாலே யாரு யார்கூட சேந்தாங்க, யாரு யாரை விட்டு விலகினாங்கங்கறதுதான் பாதி பக்கம் வருது. அதை தப்புன்னு சொல்லல, உலகம் இப்போ அப்படித்தான் போயிட்டிருக்கு. ஆனா முழுசா படிச்சு முடிச்சாலும், சரி நாளைக்கு இவங்கள்ல ஒருத்தர் மேல குண்டு விழுந்தா இன்னொருத்தர் வந்தே ஆகணுமா, என்னன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாங்கங்கறது மட்டும் தெரியவே மாட்டேங்குது. தலைவருங்க கை குலுக்கற போட்டோ நாலு காலத்துக்கு வருது, ஒப்பந்தத்துல இருந்து ஒரு வரி வரமாட்டேங்குது. இதை சின்ன விஷயமா விட்டுடாதீங்க.

ஆர்மீனியா கதையை பாருங்க. ரஷ்யா தலைமையில பழைய சோவியத் நாடுகள் சிலது சேந்து வச்சிருக்கற ராணுவ அமைப்பு சிஎஸ்டிஓ. அதோட 4வது ஷரத்து, ஒரு உறுப்பு நாட்டை தாக்கினா எல்லாரையும் தாக்கின மாதிரின்னு சொல்லுது. 2022 ஜனவரியில கஜகஸ்தான்ல கலவரம் வெடிச்சப்போ அந்த நாட்டு அதிபர் உதவி கேட்டாரு, கேட்ட கையோட படை போய் இறங்கிருச்சு. அப்போ அமைப்போட தலைமை ஆர்மீனியா கையில, படை போகுதுன்னு அறிவிச்சதே ஆர்மீனிய பிரதமர் பஷின்யான்தான். அதே வருஷம் செப்டம்பர்ல பக்கத்து நாடான அஜர்பைஜான் ஆர்மீனியா மண்ணுக்குள்ளயே ஷெல் அடிச்சுது, இப்போ இவரு அதே 4வது ஷரத்தை சொல்லி கூப்பிடறாரு, வந்தது படை இல்ல, நிலைமையை பாத்து ரிப்போர்ட் குடுக்க ஒரு குழு. நவம்பர்ல அவங்க தலைநகர் யெரெவான்லயே மாநாடு நடந்துச்சு, கூட்டறிக்கைல கையெழுத்து போட முடியாதுன்னுட்டாரு பஷின்யான். அடுத்த வருஷம் 2023 செப்டம்பர்ல ஆர்மீனியருங்க வாழ்ந்துக்கிட்டிருந்த நாகோர்னோ கராபாக் பகுதி ஒரே நாள்ல அஜர்பைஜான் கையில விழுந்துச்சு, ரஷ்ய அமைதிப்படை அங்கயே இருந்தப்பவே, 1 லட்சத்துக்கும் மேல ஆர்மீனியருங்க கார்லயும் லாரியிலயும் அள்ளிப்போட்டதை எடுத்துக்கிட்டு வெளியேறினாங்க. கராபாக் சட்டப்படி அஜர்பைஜானோட பகுதி, அந்த ஷரத்து அங்க செல்லாதுன்னு ஒரு வாதம் இருக்கு, அது சரியான வாதம்தான். ஆனா 2022ல அடி விழுந்தது ஆர்மீனியாவுல, அதுக்கு யாரும் பதில் சொல்லல. 2024ல ஆர்மீனியா எங்க பங்கை நிறுத்தி வச்சிருக்கோம்னு சொல்லிருச்சு. ரஷ்யாவுக்கு உக்ரைன்ல கை கட்டுண்டு கிடக்கு, அஜர்பைஜானையும் துருக்கியையும் பகைச்சுக்கற நேரம் அது இல்ல, எனக்கு புரிஞ்சவரைக்கும் காரணம் அவ்வளவுதான்.

அமெரிக்காவும் பல ஐரோப்பிய நாடுகளும் இருக்கற ராணுவக் கூட்டணி நேட்டோ பத்தி எழுதறப்போ எல்லாரும் "ஒருத்தரை தொட்டா எல்லாரும் வருவாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. 5வது ஷரத்தை படிச்சா, ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம்னு படற நடவடிக்கையை எடுக்கும்னு இருக்கு, ராணுவமும் அதுல ஒண்ணு, அவ்வளவே. படை அனுப்பியே தீரணும்னு கட்டாயம் எங்கயும் இல்ல. 1949ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த ஷரத்தை ஒரே ஒரு தடவைதான் கையில எடுத்திருக்காங்க, அதுவும் 2001 செப்டம்பர்ல, அமெரிக்காவுக்காக. நேட்டோவோட கண்காணிப்பு விமானங்க அமெரிக்க வானத்துல போய் காவல் பறந்துச்சு, அப்புறம் டென்மார்க் மாதிரி சின்ன நாட்டு பசங்க ஆப்கானிஸ்தான்ல போய் செத்தாங்க. அந்த டென்மார்க்கோட கிரீன்லாந்தை எடுத்துக்கறதுக்கு ராணுவத்தை பயன்படுத்த மாட்டேன்னு உறுதி குடுக்க முடியாதுன்னு 2025 ஜனவரியில டிரம்ப் பேசினாரு. ரெண்டும் ஒரே கூட்டணில இருக்கற நாடு சார். படிச்சப்போ மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

இன்னொரு பக்கம் பின்லாந்தும் ஸ்வீடனும் 2023லயும் 2024லயும் அதே நேட்டோவுக்குள்ள போயிருக்காங்க, 200 வருஷமா எந்த பக்கமும் சாயாத ஸ்வீடன் உட்பட. உக்ரைனுக்கு நடந்ததை பாத்த பயம்தான். 1994ல புடாபெஸ்ட்ல உக்ரைன் தன் மண்ணுல இருந்த அணு ஆயுதத்தை விட்டுக்குடுக்க சம்மதிச்சுது, பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூணும் உன் எல்லையை மதிப்போம்னு எழுதிக் குடுத்தாங்க. யாராவது மீறினா படை வரும்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது, அணு ஆயுத மிரட்டல் வந்தா ஐநா பாதுகாப்பு சபைக்கு போவோம், சந்தேகம் வந்தா உக்காந்து பேசுவோம், அவ்ளோதான். அந்த சபையில ரஷ்யாவுக்கே வீட்டோ, அதாவது தீர்மானத்தை தடுத்து நிறுத்தற அதிகாரம் இருக்கு. அன்னைக்கே ஒரு பேப்பர்காரர் இதை பெட்டி கட்டி போட்டிருந்தா எத்தனை பேருக்கு புரிஞ்சிருக்கும்.

ஷரத்து மட்டும் போட்டா போதுமான்னா போதாது, அதுக்கு நம்ம 1971 ஒப்பந்தமே உதாரணம். ஆகஸ்ட் 9ம் தேதி இந்தியாவும் சோவியத்தும் போட்ட ஒப்பந்தத்துல 9வது ஷரத்து, தாக்குதல் வந்தா உடனே கலந்து பேசுவோம்னுதான் சொல்லுச்சு, கூட நின்னு சண்டை போடுவோம்னு இல்ல. ஆனா டிசம்பர்ல பங்களாதேஷ் போர் நடந்தப்போ, அமெரிக்காவோட 7வது கப்பல் படை வங்காள விரிகுடாவுக்கு வந்தப்போ சோவியத் கப்பலுங்களும் பின்னாடியே வந்துச்சு, பாதுகாப்பு சபையில போர் நிறுத்த தீர்மானங்களை வீட்டோ போட்டு நிறுத்தினாங்க. ஏன்னா அந்த ஜூலையிலதான் அமெரிக்க அதிபரோட பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் ரகசியமா பீஜிங் போயிட்டு வந்திருந்தாரு, அமெரிக்காவும் சீனாவும் ஒண்ணு சேந்தா மாஸ்கோவுக்கு ஆபத்து, அவங்க தேவையும் நம்ம தேவையும் அந்த நேரத்துல ஒத்துப்போச்சு. அதனால கூட்டணியை கிரிக்கெட் டீம் மாதிரி இவன் நம்ம ஆளு அவன் எதிரி ஆளுன்னு எழுதறதை முதல்ல விடணும், யாருக்கு இப்போ என்ன தேவைங்கறதை எழுதுங்க. 2024ல மட்டும் உலக நாடுங்க ராணுவத்துக்கு 2.7 லட்சம் கோடி டாலர் கொட்டியிருக்கு, நேட்டோ நாடுங்க 2035க்குள்ள மொத்த உள்நாட்டு உற்பத்தியில 5 சதவீதம் வரைக்கும் போறோம்னு ஹேக் மாநாட்டுல ஒத்துக்கிட்டாங்க, இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய காசுதான். அப்படி செலவு பண்ற ஜனங்களுக்கு என்ன வாங்கறோம்னு தெரிய வேணாமா?

2025 செப்டம்பர்ல சவூதியும் பாகிஸ்தானும் போட்ட ஒப்பந்தத்தை அணுகுண்டு படம் போட்டு பெருசா போட்டீங்க. ஒருத்தர் மேல தாக்குதல்னா ரெண்டு பேர் மேலயும் தாக்குதல்னு கூட்டறிக்கைல இருக்கு, ஆனா கையெழுத்து போட்டப்போ ஒப்பந்தத்தோட முழு வாசகத்தை அவங்க வெளியிடல. எனக்கு அதுதான் தலைப்புச் செய்தி, உங்க பக்கத்துல அது கடைசி பத்தியில கூட இல்ல. இனிமே இந்த மாதிரி செய்தி வந்தா பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி கட்டுங்க, ஷரத்து என்ன சொல்லுது, வெளியிட்டாங்களா இல்லையா, போன தடவை கூப்பிட்டப்போ யாரு வந்தாங்க, மூணே விஷயம். இடம் பத்தலன்னா போட்டோவை சின்னதாக்கிக்கங்க.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்