அணையின் மேல் ஒரு கோடரி

உடுமலைப்பேட்டை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீங்கள் உருவாக்கும் வீடியோ விளையாட்டில் வரவிருக்கும் முப்பது அடி ரோபோவுக்காக நீ வரைந்த ஆற்றல் கோடரியின் படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். அதன் விளிம்பு எவ்வளவு ஒளிர வேண்டும், எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்று கேட்டிருந்தாய். நிறத்தைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். புனல் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு முதலில் எழும் கேள்வி வேறு. அந்தக் கோடரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதைக் கொடுக்கும் உடலுக்கு அந்த நொடியில் என்ன ஆகிறது? உன் படத்தில் கோடரி கொழுந்துவிட்டு எரிகிறது. அதை ஏந்தியிருப்பவன் உடம்பில் ஒரு விளக்குகூட மங்கவில்லை. அதை நீ மாற்ற வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீ முன்மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கும், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் உருமாறும் ரோபோக்களின் கார்ட்டூன் கதையில் நல்லவர்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைமின் கோடரி முதன்முதலில் தோன்றியதே ஓர் அணையின் மேல்தான். 1984 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடக்கக் கதையின் இரண்டாம் பகுதியில், எதிரித் தலைவன் மெகட்ரானும் அவனுடைய டிசெப்டிகான் கூட்டமும் ஷெர்மன் அணையின் மின்நிலையத்துக்குள் புகுந்து, அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை எனர்ஜான் என்னும் தங்கள் எரிபொருளாக்கிக் கனசதுரங்களில் அடைத்துக்கொண்டு போக முயல்கிறார்கள். அப்போது அணையின் உச்சியில் இரு தலைவர்களும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆப்டிமஸின் கை மணிக்கட்டுக்குள் மடங்கி மறைய, அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் கோடரி முளைக்கிறது. மெகட்ரானின் கையிலிருந்து சங்கிலியில் தொங்கும் ஊதா நிற முள்குண்டு வெளிவருகிறது. அதே ஆண்டு கடைகளுக்கு வந்த ஆப்டிமஸ் பொம்மையில் ஒரு கறுப்புத் துப்பாக்கி உண்டு, கோடரி கிடையாது. விற்பதற்கென்று செய்யப்படாத ஆயுதம் என்பதாலோ என்னவோ, அந்தக் காட்சியில் அது மிகவும் சுதந்திரமாக இருக்கிறது.

அணையைக் கொள்ளையடிப்பது என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1930களில் நீலகிரியின் பைக்காரா புனல் மின்நிலையத்திலிருந்து மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் ஆலைகள் அடுக்கடுக்காக எழுந்தன. ஆழக் கிணறுகளில் மின்மோட்டார் இறங்கியதும், அந்த மோட்டார்களை நாமே செய்யத் தொடங்கியதும் அதன் பின்னர்தான். அதனால் அந்தக் கதையில் டிசெப்டிகான்கள் பணத்தையும் பொன்னையும் விட்டுவிட்டு டர்பைனைத் தேடிப் போவது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ரம்பிள் என்னும் டிசெப்டிகான் ஆற்றுப்படுகையில் இறங்கி இடித்துப் பேரலையை எழுப்புகிறான். வெள்ளம் பெருகினால் மின்சாரமும் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. மின்நிலையத்தில் ஒரு ஷிப்ட் பார்த்தவர்கூட இதை ஒப்புக்கொள்ள மாட்டார். டர்பைனுக்குள் எவ்வளவு நீர் போக வேண்டும் என்பதை கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிதான் தீர்மானிக்கிறது. இயந்திரத்தின் திறனுக்கு மேல் வரும் நீரில் ஒரு சொட்டும் மின்சாரம் ஆகாது. மேட்டூரில் 120 அடி நிரம்பிய பிறகு வரும் வெள்ளம் பதினாறு கண் மதகு வழியாகப் பாய்ந்தோடுவதை நீயே பார்த்திருக்கிறாய். நீ எழுதும் கதையில் அணை வருமானால், தயவுசெய்து வெள்ளத்தை மின்சாரமாக்கிவிடாதே.

ஆனால் அந்தக் கதைக்காரர்கள் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். எனர்ஜான் அந்த ரோபோக்களுக்கு உணவு. அதுவே அவர்களுடைய ஆயுதத்துக்கும் தீனி. உயிரைத் தாங்கும் அதே பொருளைத்தான் ஆப்டிமஸ் கோடரியாக்கி வீசுகிறான். கை இருந்த இடத்தில் கோடரி வருவதால், வீசும் நேரத்தில் அந்தக் கையால் அவன் எதையும் பற்றவும் முடியாது, விழுபவனைத் தாங்கவும் முடியாது. தன் உடலைக் குறைத்துக்கொண்டு ஆயுதம் ஏந்துகிறவன் அவன். மெகட்ரானுடைய முதன்மை ஆயுதமோ வலக்கையில் மாட்டிய ஃபியூஷன் பீரங்கி; அவன் துப்பாக்கியாக மாறும்போது அதன் குறிநோக்கியாக இருப்பது அதுவே. பொம்மையுடன் வந்த குறிப்பில், அவனால் ஒரு கருந்துளையோடு தொடர்பு ஏற்படுத்தி எதிர்ப்பொருளை இழுத்துப் பயன்படுத்த முடியும் என்றுகூட எழுதியிருந்தார்கள். அளவற்ற ஊற்று ஒன்றை வெளியே வைத்திருப்பவன் ஒருவன், தன் வயிற்றிலிருந்து எடுத்து வீசுகிறவன் இன்னொருவன். உன் ரோபோ இவர்களில் யாருடைய வழியில் வந்தவன் என்பதை நீ முதலில் முடிவு செய். கோடரியை வரைந்திருப்பதால் இரண்டாமவன் வழி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். எதிரியின் தொடை ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் கனமும் உள்ள எஃகு என்று வைத்துக்கொள். உன் கோடரி ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு அதை உருக்கி வெட்டுகிறது. உருகும் எஃகு ஏறத்தாழ 390 கிலோ. அறை வெப்பத்திலிருந்து 1,500 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் அதை உருக்க ஏறத்தாழ 140 யூனிட் மின்சாரம் போதும். வியப்பாக இருக்கிறதல்லவா? நம் வீட்டு இரண்டு மாதக் கணக்கைவிடக் குறைவு. ஒரு கனமீட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் சரியாக ஒரு யூனிட். கடம்பாறை நீரேற்றுப் புனல் மின்நிலையத்தில், மேலே உள்ள நீர்த்தேக்கத்துக்கும் கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துக்கும் இடையே உள்ள உயரம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆகவே இழப்புகளையும் சேர்த்து, 160 கனமீட்டர் நீர் மலையிலிருந்து இறங்கினால் அந்த வெட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஆனால் வெட்டு ஒரே விநாடியில் முடிய வேண்டும். 140 யூனிட்டை ஒரு விநாடிக்குள் கொடுக்க வேண்டுமானால் 500 மெகாவாட் திறன் வேண்டும். கடம்பாறையில் மலைக்குள் குடைந்து வைத்திருக்கும் நான்கு இயந்திரங்களும் முழு வீச்சில் ஓடினால் கிடைப்பது 400 மெகாவாட். ஆக உன் ரோபோ கோடரியை ஓங்கி இறக்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் பாதாள மின்நிலையத்தைவிடவும் சற்றுப் பெரிய ஒன்று அவன் தோளுக்குள் இருந்து ஒரு விநாடி ஓடி நிற்க வேண்டும். அவனுக்குச் சேமிப்பு பெரிதாக வேண்டியதில்லை. சேமித்ததைக் கணத்தில் கொட்டும் வல்லமைதான் வேண்டும். இதை நீ உணர்ந்துவிட்டால் படத்தில் என்ன காட்ட வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

வெட்டுக்கு முன்னால் சிறிது நேரம் அவன் மார்புக்குள் ஏதோ ஒன்று ஏற வேண்டும். ஓங்கிய கை அதற்காகக் காத்திருக்க வேண்டும். வெட்டு இறங்கும் நொடியில் கண்கள் மங்க வேண்டும், முழங்கால் சற்றே தளர வேண்டும். வெட்டு முடிந்தபின் தோள்களிலிருந்து வெப்பம் அலையலையாக வெளியேற வேண்டும். கடம்பாறையில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவை மிகும் நேரத்தில் இறக்குகிறோம். இத்தகைய நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவிட்டால் மூன்று யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். சேமிப்பு எதுவானாலும் அதில் கழிவு உண்டு. அந்தத் தொலைக்காட்சித் தொடரின் கனசதுரங்கள் வாங்கியதை அப்படியே திருப்பித் தருவதுபோலத் தோன்றும். உன் ரோபோவுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதே.

ஒலியைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் என் பணிக்காலம் முழுவதும் அந்த ஒலிக்குள்ளேயே இருந்தேன். திரைப்படங்களில் ஆற்றல் ஆயுதம் தாக்கும்போது ஓசை உச்சத்துக்கு ஏறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் மேல் திடீரென்று பெரும் சுமை விழுந்தால் நடப்பது நேர்மாறு. சுழலும் வேகம் குறைகிறது, 50 ஹெர்ட்ஸில் இருக்கும் அதிர்வெண் சரிகிறது, ரீங்காரம் ஒரு சுருதி கீழே இறங்குகிறது. பிறகு கவர்னர் நீரைத் திறந்துவிட, இயந்திரம் மெல்ல மெல்லத் தன் பழைய குரலுக்கு மீள்கிறது. சுமை ஏறிய இயந்திரத்தின் அந்தக் குரல் கேட்பவர் நெஞ்சைத் தொடும். உன் கோடரி எஃகைத் தொடும்போது ஓசை கீழே இறங்கட்டும்.

அசைவைப் பற்றியும் ஒரு சொல். ஆறடி மனிதன் அரை விநாடியில் வீசும் கோடரியை முப்பது அடி ரோபோ அதே அரை விநாடியில் வீசினால் அவன் பொம்மையாகத் தெரிவான். ஊசலின் கதிதான் கைகால்களுக்கும்: நீளம் ஐந்து மடங்கானால் ஆடும் நேரம் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகும். சேலம், ஈரோடு பக்கத்து முனியப்பன் கோயில்களில் உயர்ந்து வீற்றிருக்கும் சாமியைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, ஓங்கிய அந்த ஆயுதம் இறங்குமானால் எவ்வளவு நேரம் எடுத்து இறங்கும் என்று நம் மனமே கணக்கிட்டு அஞ்சுகிறதே, அந்தக் காத்திருப்பு உன் காட்சியில் வர வேண்டும். கேமராவைத் தரையில் வை.

நிறத்துக்கு வருகிறேன். சூடேறிய இரும்பு ஆரஞ்சாக ஒளிர்வது ஏறத்தாழ 1,000 டிகிரியில். அந்த வெப்பம் எஃகை இளக்கும், உருக்காது. ஆகவே ஆரஞ்சு நிறத்தைக் கோடரியின் உடலுக்கு வைத்துக்கொண்டு, வெட்டும் விளிம்பை மட்டும் நீலம் கலந்த வெண்மையாக்கு. சுவிட்ச்யார்டில் மின்னோட்டம் இருக்கும்போது தொடர்பைப் பிரித்தால் இடைவெளியில் பாய்ந்து எழும் மின்வில்லின் (ஆர்க்) நிறம் அது. அந்த மின்வில் ஓரிடத்தில் நிற்காது. சூடான காற்றோடு மேல்நோக்கி வளைந்து நீண்டு நெளியும். உன் படத்திலுள்ள விளிம்பு கண்ணாடியில் அறுத்ததுபோல நேராக இருக்கிறது. அதை நெளியவிடு. காந்தப்புலத்தால் பிடித்து வைத்திருக்கிறான் என்று காட்ட விரும்பினால், அவன் களைப்படையும்போது அந்தப் பிடி தளர்ந்து விளிம்பு பிசிறுவதாகக் காட்டு. எவ்வளவு எனர்ஜான் மிச்சமிருக்கிறது என்பதை விளையாடுபவர் அளவுமானியைப் பார்க்காமலே கோடரியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். 2007க்குப் பின் வந்த படங்களில் ஆப்டிமஸ் உலோக வாளும் கோடரியும் ஏந்துகிறான். அவை கூர்மையாகவும் கனமாகவும் இருக்கின்றன, ஆனால் அவன் உடலிலிருந்து எதையும் எடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வழியில் போகாதே, கண்ணு.

ஒலிக்கு உண்மையான பதிவு வேண்டுமானால் எழுது. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். முறையாக அனுமதி கேட்டு, இயந்திரம் சுமை ஏற்கும் நேரத்தில் பதிவு செய்ய முடியுமா என்று விசாரிக்கிறேன். எந்த வகை ஒலிவாங்கி வேண்டும், எவ்வளவு நேரப் பதிவு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவி. திருத்திய படங்களை அனுப்பும்போது கோடரியை மட்டும் அனுப்பாமல் முழு உருவத்தையும் அனுப்பு. வெட்டுக்கு முன், வெட்டும்போது, வெட்டிய பின் என்று அவன் முகம் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா