ஆச்சிக்கு, கம்பளம் பற்றி

ஆச்சி,

புரட்டாசியில் அப்பச்சிக்கு வருஷ திதி. வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்க ஆள் விட்டிருந்தேன். அப்படியே மேல்மாடிச் சாமான் அறைக்கும் போய்க் கம்பளத்தைப் பிரித்தேன். பூச்சி அரித்துவிட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நீங்கள் பாதியில் விட்டுவிடுவீர்கள். என் போனைத்தான் எடுப்பதில்லை, இங்கே எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறீர்கள் என்று என் மனைவி சொன்னாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பங்காளிகளும் படிப்பார்கள், தெரியும். வெளியாட்கள் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: எங்கள் செட்டிநாட்டுப் பேச்சில் ஆச்சி என்றால் அக்கா, அப்பச்சி என்றால் அப்பா, ஐயா தாத்தா, ஆயா பாட்டி, அயித்தான் அக்காவின் கணவர். சில இடங்களில் பேர் சொல்லாமல் போவேன். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நான்காக மடித்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கி வைத்தது நான்தான். ஐப்பசி மழைக்கு ஈரம் ஏறிவிடக் கூடாது என்று நினைத்தேன். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் போயிற்று. காரியத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து எழுந்த கம்பளத்தை நான் தட்டிக்கூட வைக்கவில்லை. வியர்வையும் சோற்றுப் பருக்கையும் பட்ட கம்பளி என்றால் அந்துப்பூச்சிக்கு விருந்து. இருட்டு இருந்தது, காற்று இல்லை, ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. பிரித்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் கூட்டல் குறி போல மொட்டை. சிவப்பும் நீலமும் போய், அடியிலிருந்த பருத்திப் பாவு, அதாவது நெடுக்கு நூல், மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கையை வைத்தால் மணல் மாதிரிப் பொடி ஒட்டியது. தாளின் ஓரத்தில் அரிசிமணி போலக் கூடுகள்.

பக்கத்திலேயே இருந்த பவானி ஜமக்காளத்தில், ஐயா நம் விலாசம் போட்டு நெய்து வாங்கியதே, அதில் ஒரு ஓட்டை இல்லை. பருத்தியை இந்தப் பூச்சி தின்னாது. அதற்கு ரோமம்தான் வேண்டும். நம் தலைமுடியில் இருக்கிற அதே சத்துதான் ஆட்டு ரோமத்திலும் இருக்கிறதாம்.

நீங்கள் கேட்டது அந்தக் கம்பளம் ஒன்றைத்தான். வளவு வீட்டில் பங்கு கேட்கவில்லை, வெள்ளிச் சாமான் கேட்கவில்லை. அன்றைக்கு முகப்பில் நாலு பேர் முன்னால் நான் சொன்ன பதிலை இங்கே திரும்ப எழுத மாட்டேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர்தான் அப்படிச் சொல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். அதற்கு மேல் வேண்டாம். சொன்னது என் வாய்தான். மன்னித்துவிடுங்கள் ஆச்சி.

ஒரு பயமும் இருந்தது. வீட்டுச் சாமான் ஒன்று வெளியே போனால் அடுத்தது தானாகப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்திருக்கிறீர்கள். நமக்குத் தெரிந்த வீட்டு நிலைக்கதவு அங்கே வெயிலில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அது. உங்கள் கைக்குப் போனால் அது கடைக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். கடைசியில், உங்களிடம் இருந்திருந்தால் முழுசாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பச்சி படுத்த படுக்கையாகக் கிடந்த பதினான்கு மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள்? அயித்தானுக்கு உடம்பு முடியாத சமயம், சரி. போனிலாவது கேட்டிருக்கலாமே. முதுகில் புண் வந்து நான் ராத்திரி ராத்திரி அவரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மாதத்தில் நீங்கள் போனில் கேட்டது, "கம்பளத்தை வெயில்ல போட்டியா?" என்றுதான். போடவில்லை ஆச்சி. எனக்கு நேரம் இல்லை.

தை பிறந்ததும் கம்பளத்தைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவது அப்பச்சி வேலை, நினைவிருக்கிறதா? வாசல் வெளிச்சம் ஒரே பக்கமாக விழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெளிறிப்போகும் என்பார். நடக்கிற தடமும் மாறும். அவர் படுத்த வருஷம்தான் முதல் முறையாக அது திரும்பவில்லை.

பிரித்ததும் நான் முதலில் தேடியது அந்த மூலையைத்தான்.

1996 தை, உங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. எனக்குப் பன்னிரண்டு வயது. பந்தலில் நாதஸ்வரக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு, கையைத் தூக்கியபடி முகப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ கொண்டுவந்து வைத்த காப்பி டம்ளரை நான் ஓடிவந்து உதைத்துவிட்டேன். க்ரீம் நிற ஓரத்தில் டம்ளர் நிறையக் காப்பி. நான் உட்கார்ந்து என் சட்டையால் தேய்க்க ஆரம்பித்தேன். "தேய்க்காத தம்பி, ஒத்து ஒத்து" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் குனிந்து, அப்பச்சி தோளில் இருந்த துண்டை இழுத்து, கை மருதாணி என்னாகும் என்று பார்க்காமல் காப்பி மேல் வைத்து அமுக்கினீர்கள். அமுக்கி எடுத்து, துண்டை மடித்து, காய்ந்த பக்கத்தால் மறுபடி. பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவாக. சுடுதண்ணீர் எடுக்க ஓடிய ஆயாவை வேண்டாம் என்று நிறுத்தினீர்கள். அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் நின்றார். உங்கள் வலது உள்ளங்கையில் மருதாணி முழுக்க இழுபட்டுப் போயிருந்தது. மறுநாள் திருப்பூட்டி உங்களுக்குத் தாலி ஏறும்போது அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்மண் தீற்றல்.

காப்பி போய்விட்டது. மருதாணி போகவில்லை. உங்கள் கட்டைவிரல் ஒன்று அந்த ஓரத்தில் ஆரஞ்சாக இருக்கிறது. தலைமுடியைப் பிடிக்கிற மாதிரித்தான் மருதாணி ரோமத்தையும் பிடிக்கும். தரையில் விரித்த ஜமக்காளத்தில் பட்டிருந்தால் சலவைக்குச் சலவை கொஞ்சம் மங்கியிருக்கும். கம்பளத்தைத் திருப்பிப் போடும்போது மேலே நாற்காலி எங்கே வரும் என்று அப்பச்சி பார்ப்பார். அந்த மூலையில் மட்டும் கால் ஊன்ற விட மாட்டார். இதை அவர் உங்களிடம் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

புது வீட்டு ஹாலுக்கு நீங்கள் கம்பளம் பார்க்கிறீர்களாம். என்னைக் கேட்கவில்லை, என் மனைவியைக் கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, நானே சொல்கிறேன். போன வீட்டில் ஏமாந்த மாதிரி இந்தத் தடவை ஏமாறாதீர்கள். அங்கே வாங்கிய கம்பளம் கையால் முடிச்சுப் போட்டதே இல்லை. துணியில் ரோமத்தைக் குத்தி இறக்கி, பின்னால் ரப்பர்ப் பசை தடவி, அதை மறைக்க ஒரு துணி ஒட்டியது. அதனால்தான் நாளாக நாளாகப் பசை காய்ந்து தரையெல்லாம் வெள்ளைப் பொடி கொட்டியது. கடையில் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்துப் பூ பின்பக்கமும் அப்படியே தெரிந்து, முடிச்சுகள் வரிசையாக, கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் அது கைவேலை. குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக வர வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உதிர்ந்த இழை ஒன்றை வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும். ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் அமுக்கிச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ரங்கூனிலிருந்து வந்த கம்பளம் என்றுதான் ஐயா சொல்வார். இப்போது பழுது பார்க்க வந்தவர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாங்கியது ரங்கூனாக இருக்கலாம், முடிச்சு போட்டது மிர்சாப்பூர் பக்கமாகத்தான் இருக்கும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கங்கைக்கரையில் பிறந்து, கப்பலேறி, பர்மா தேக்கோடு சேர்ந்து நம் ஊருக்கு வந்திருக்கிறது.

உங்கள் தரை வழவழப்பு. கம்பளத்துக்கு அடியில் வழுக்காத விரிப்பு ஒன்று போடுங்கள், அயித்தான் நடக்கிற இடம். அடியில் மண் சேரவிட்டால் கல்லில் கீறல் விழும், நம் வீட்டுப் பட்டாலைக் கூடத்து ஆத்தங்குடிக் கல்லில் விழுந்திருக்கிறதே. புதுக் கம்பளியிலிருந்து கொஞ்ச நாள் பஞ்சு பஞ்சாக உதிரும், பயந்துவிடாதீர்கள். வாக்குவம் போட்டால் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு, ரோமம் படிந்த வாக்கிலேயே இழுங்கள். சோபாவுக்கு அடியில் போகிற பகுதியை மாதம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். பூச்சி அங்கேதான் முதலில் வரும்.

இவ்வளவு வேலை முடியாது என்று தோன்றினால் ஜமக்காளம் போதும். கோவையிலிருந்து பவானி இரண்டு மணி நேரம்தானே. 2005-06இலேயே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் விசைத்தறியில் ஓட்டியதை அதே பெயரில் விற்கிறார்கள், நெய்கிறவரிடமே பார்த்து வாங்குங்கள். நம் ஜமக்காளத்தைத் தரச் சொன்னால் தருகிறேன். இந்த முறை யாரையும் கேட்க மாட்டேன்.

கம்பளத்தை வெட்டிவிட்டேன். அதுதான் நான் எடுத்த முடிவு. இரண்டு மாதம் யோசித்தேன், நடுவில் நெய்து சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். போன இடம் போனதுதான். நான்கு மூலையில் இரண்டு தேறியது, ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு மூன்றடி. தட்டி, இரண்டு பக்கமும் வெயில் காட்டி, முடிச்சு உருவாமல் ஓரம் கட்டித் தைத்தாகிவிட்டது. நீங்கள் முழுசாகக் கேட்டதில் உங்களுக்கு ஒரு துண்டு. குழாயில் உருட்டி, அப்பச்சியின் பழைய வேட்டியில் சுற்றித் திங்கட்கிழமை அனுப்புகிறேன். மடிக்கவில்லை, பிளாஸ்டிக் இல்லை. வேட்டியை எறிந்துவிடாதீர்கள்.

விரல் பட்ட மூலை என்னிடம் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டும் என்றால் திதிக்கு வாருங்கள். முகப்பில் விரித்து வைத்திருப்பேன்.

தம்பி